பாடம் 5: சொந்த வீடு வரும்வரை – வாடகை வீடு, இரவல் வீடு, உள்ளூர் அலுவலகங்கள்

இப்பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்வது:

- வாடகை வீட்டிலும் உறவினர் வீட்டிலும் இருக்கும் குடும்பங்கள் வீட்டுத்திட்டப் பட்டியல்களில் ஏன் விடுபடுகின்றன
- வீடு, காணி, வாடகை தொடர்பாக எந்த அலுவலகம் எதைச் செய்யும்
- வாடகைக்கோ இரவலுக்கோ ஒரு வீட்டுக்குப் போகுமுன் எவற்றை எழுத்தில் பெறவேண்டும்
- உங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தால் என்ன செய்யலாம்
- பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் யாரிடம், எப்படிக் கேட்பது

1. எல்லாக் குடும்பங்களும் ஒரே நிலையில் திரும்புவதில்லை

மீள்குடியேற்றம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, சொந்தக் காணிக்குத் திரும்பி, பற்றை வெட்டி, தறப்பாள் கொட்டில் போட்டு, பின்னர் கல்வீடு கட்டும் குடும்பம்தான். ஆனால் திரும்பிவரும் குடும்பங்களின் நிலை பலவிதமானது. சிலரிடம் காணியும் உறுதியும் உண்டு, வீடு மட்டும் இல்லை. சிலரிடம் காணி உண்டு, உறுதியோ அனுமதிப்பத்திரமோ இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. சிலருடைய காணி இன்னும் விடுவிக்கப்படவில்லை. இன்னும் சிலர் நலன்புரி நிலையத்தில் பிறந்து, அங்கேயே திருமணம் முடித்துப் பிள்ளைகளையும் பெற்றவர்கள். அவர்களுக்கு என்று இருப்பது பெற்றோரின் காணி மட்டுமே. அதிலும் அண்ணன், தங்கை என்று ஏற்கெனவே இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும்.

இவர்களில் பலர் சொந்த வீடு வரும்வரை வாடகை வீட்டிலோ, வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டைப் பார்த்துக்கொண்டோ, உறவினர் வீட்டு விறாந்தையிலோ காலத்தைக் கடத்துகிறார்கள். தெருவில் படுத்திருக்காததால் இவர்களை யாரும் வீடற்றவர்கள் என்று எண்ணுவதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கூரைக்குக் கீழே இருக்கும் குடும்பம், அந்தக் கூரை தன்னுடையதல்ல என்பதை எழுத்தில் காட்டாவிட்டால், அலுவலகக் கணக்கில் வீடுள்ள குடும்பமாகிவிடும்.

2. உதவிகள் காணியிலிருந்து தொடங்குவது ஏன்?

இலங்கையின் வீடமைப்புக் கொள்கை நீண்ட காலமாகவே வாடகையைவிடச் சொந்த வீட்டையே ஊக்குவித்து வந்திருக்கிறது. 1973 இல் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வகுத்து, மேலதிக வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைச் சொந்தமாக்க வழி செய்தது. 1978 இல் தொடங்கிய ஒரு இலட்சம் வீடுகள் திட்டமும், 1984 இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டமும் சொந்த வீட்டையே நோக்கமாகக் கொண்டவை. பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில் குடும்பங்கள் சிறு கடன் பெற்றுத் தாங்களே வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை முதன்மை பெற்றது.

யுத்தத்தின் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நடந்த மிகப் பெரிய வீட்டுத்திட்டமான இந்திய வீட்டுத்திட்டமும் இதே வழியில்தான் சென்றது. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், பயனாளிகள் தாமே வீட்டைக் கட்டுவதற்கு 550,000 ரூபாவும், சேதமடைந்த வீட்டைத் திருத்துவதற்கு 250,000 ரூபாவும் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டன. பல ஆயிரம் குடும்பங்கள் இதனால் நிரந்தர வீடு பெற்றன. ஆனால் கட்டுவதற்கு ஒரு துண்டு நிலம் இருந்தால்தான் அத்திவாரமே வெட்டலாம். காணி இல்லாதவர்களுக்கு முதலில் காணி வேண்டும். 2016 இல் கீரிமலையில் அமைக்கப்பட்ட நல்லிணக்கபுரம் போன்று, நலன்புரி நிலையக் குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு கொடுத்த முயற்சிகள் குறைவு.

குறைந்த வாடகையில் அரசு வீடு தரும் திட்டம் நமது பிரதேசங்களில் ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். எனவே வாடகை என்பது உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான தனிப்பட்ட ஒழுங்காகவே இருக்கிறது. அதை எழுத்தில் வைத்திருப்பதும், காணிக்கான உங்கள் கோரிக்கையை அலுவலகத்தில் உயிரோடு வைத்திருப்பதும் உங்கள் கையில்தான் உள்ளன.

3. எந்த அலுவலகம் எதைச் செய்யும்?

"பிரதேச சபையில் கேட்டேன், பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் கிராம அலுவலரிடம் போகச் சொன்னார்கள்" என்பது எமது கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பெயர்கள் ஒத்திருந்தாலும் இவை வெவ்வேறு அலுவலகங்கள்.

கிராம அலுவலர்: உங்கள் குடும்பப் பதிவு, வதிவிடச் சான்று, வாக்காளர் பதிவு என்பன இவரிடமிருந்தே தொடங்குகின்றன. வீட்டுத்திட்டப் பயனாளிப் பட்டியலின் முதல் விபரமும் பெரும்பாலும் கிராம அலுவலர் பிரிவிலிருந்தே போகிறது.

பிரதேச செயலகம்: அரச காணி, அனுமதிப்பத்திரம், அளிப்புப்பத்திரம், காணியற்றோர் விண்ணப்பம், வீட்டுத்திட்டப் பட்டியல் ஆகியவற்றுக்கு இங்கே போகவேண்டும். காணிக் கிளையில் உள்ள காணி உத்தியோகத்தரையும் குடியேற்ற உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். வடக்கு கிழக்கில் தொலைந்த காணி ஆவணங்கள், ஒரே காணிக்கு இருவர் உரிமை கோருதல் போன்ற அரச காணிப் பிரச்சினைகளுக்கு காணி ஆணையாளர் நாயகத்தின் 2013/01 ஆம் இலக்கச் சுற்றறிக்கை வழி சொல்கிறது. அதைக் குறிப்பிட்டே விசாரிக்கலாம்.

பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை: இவை மக்கள் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றங்கள். வடமாகாணத்தில் 34 மன்றங்கள் உள்ளன. இவை வீட்டுத்திட்டம் வழங்குவதில்லை. கட்டட வரைபட அனுமதி, கட்டி முடிந்தபின் குடிபுகுவதற்கான சான்றிதழ், ஆதன வரி, உள்ளூர் வீதி, வடிகால், பொதுக்கிணறு, கழிவகற்றல் ஆகியவை இவற்றின் பொறுப்பு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தையும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளையும் வீதிகளையும் பிரதேச சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. உங்கள் குடியிருப்புக்குப் பாதை இல்லை, மழைக்கு வெள்ளம் நிற்கிறது என்றால் தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

தேசிய வீடமைப்பு அதிகார சபை: 1979 இல் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். வீடமைப்புக் கடன்களுக்கும் அரச வீட்டுத்திட்டங்களுக்கும் இதன் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

காணிப் பதிவகம்: தனியார் காணியின் உறுதி தொலைந்திருந்தால், பதிவேட்டுப் பிரதிக்கு இங்கே விண்ணப்பிக்கலாம். உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் உறுதி இலக்கமும் தெரிந்தால் தேடுவது இலகு. பழைய ஈட்டுப் பத்திரம், சகோதரரின் உறுதி, நன்கொடை உறுதி போன்றவற்றில் இந்த விபரம் இருக்கக்கூடும்.

4. வாடகை வீட்டுக்குப் போகுமுன்

விளங்கிக்கொள்வதற்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாயும் மூன்று பிள்ளைகளும். சொந்த ஊரில் காணி இன்னும் விடுபடவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக நகரில் மாதம் 10,000 ரூபா வாடகைக்கு இரண்டு அறை எடுக்கிறார்கள். ஆறு மாத முற்பணமாக 60,000 ரூபா கைமாறுகிறது. எழுத்து எதுவும் இல்லை. நான்காம் மாதம் வீட்டுக்காரர் மகளின் கலியாணத்துக்கு வீடு வேண்டும் என்கிறார். முற்பணத்தில் மிச்சம் எவ்வளவு என்பதில் தர்க்கம் வருகிறது. அதற்கிடையில் ஊரில் வீட்டுத்திட்ட விபரம் எடுத்தபோது "இவர்கள் நகரத்தில் இருக்கிறார்கள்" என்று பெயர் விடுபட்டிருக்கிறது. ஒரு குடும்பம் ஒரே நேரத்தில் இரண்டையும் இழப்பது இப்படித்தான்.

இதைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

முதலாவது, வீட்டுக்காரருக்கு அந்த வீட்டை வாடகைக்குக் கொடுக்கும் உரிமை உண்டா என்று பாருங்கள். உறுதிக் காணியென்றால் உறுதியின் பிரதியைக் கேளுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்ட அரச காணியை, உரிய அனுமதி இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. அப்படியான வீட்டுக்கு முற்பணம் கொடுக்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

இரண்டாவது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குறித்த காலத்துக்குக் குத்தகை எழுதுவதானால் அது நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படவேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் இதைத்தான் சொல்கிறது. வெறும் தாளிலோ முத்திரை ஒட்டிய தாளிலோ "ஒரு வருடம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், நீதிமன்றத்தில் அது மாத வாடகையாகவே கருதப்படக்கூடும். ஆனாலும் அந்தத் தாளைத் தூக்கி எறியவேண்டாம். எவ்வளவு முற்பணம் கொடுத்தீர்கள், எப்போது குடிவந்தீர்கள் என்பவற்றுக்கு அது சான்று.

மூன்றாவது, முடியும் திகதியைக் கவனமாக வாசியுங்கள். குத்தகைக் காலம் முடிந்தபின் உரிமையாளர் வீட்டை விரைவாக மீளப்பெறுவதற்கென 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. "பிறகு பேசித் தீர்ப்போம்" என்று இருந்துவிடாமல், முடிவுத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்பே நீடிப்பைப் பற்றிப் பேசுங்கள்.

நான்காவது, மாதாமாதம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டுத் தர விருப்பமில்லையென்றால் வங்கிக் கணக்கில் வாடகையை இடுங்கள். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் ஏற்புடைய வீடுகளில், வாடகையை வீட்டுக்காரருக்குப் பதிலாக அதற்கென அதிகாரமளிக்கப்பட்டவரிடம் செலுத்தவும் ஏற்பாடு உண்டு. உள்ளூராட்சி மன்றத்தின் தலைவரே வழமையாக அந்த அதிகாரம் பெற்றவர். எல்லா வாடகை வீடுகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையல்ல. உங்கள் வீடு உட்பட்டதா என்று மன்றத்தின் செயலாளரிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ கேட்டறியுங்கள்.

ஐந்தாவது, வாடகைக்குப் போவதை இரண்டு கிராம அலுவலர்களுக்கும் தெரியப்படுத்துங்கள். ஊரிலுள்ள கிராம அலுவலருக்கு, "எமது காணி இன்னும் விடுபடாத காரணத்தால் தற்காலிகமாக இந்த முகவரியில் வாடகைக்கு இருக்கிறோம், ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டு" என்று ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் குடும்பப் பதிவு வைத்திருக்க முயலவேண்டாம். அது பின்னர் உங்கள் பெயரை நீக்குவதற்குக் காரணமாகிவிடும்.

5. இரவல் வீட்டில் இருப்பவர்கள்

வெளிநாட்டிலோ கொழும்பிலோ இருப்பவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டு வாடகை இல்லாமல் இருப்பது யாழ்ப்பாணத்தில் சாதாரணம். வளவைக் கூட்டி, மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைப் பழுதாகாமல் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் அதில் ஆறுதல் உண்டு. ஆனால் உரிமையாளர் வீட்டை விற்கத் தீர்மானித்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு கடிதம் இரு தரப்பையும் காக்கும். அதில், "இந்த வீட்டில் எனது அனுமதியுடன் இருக்கிறார்கள், வெளியேற வேண்டுமானால் இத்தனை மாதம் முன்கூட்டி அறிவிப்பேன்" என்று உரிமையாளர் எழுதினால் போதும். தொடர்ந்து 10 ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராக, தடையின்றி ஒரு காணியை ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது இந்நாட்டுச் சட்டம். அந்தப் பயத்தாலேயே சில உரிமையாளர்கள் குடும்பங்களைத் திடீரென எழுப்புகிறார்கள். அனுமதியுடன் இருப்பவர் அப்படி உரிமை கோர முடியாது. ஆகவே அந்தக் கடிதம் அவருடைய பயத்தைப் போக்கும், உங்களுக்குக் கால அவகாசத்தைத் தரும். வீட்டுத்திட்ட விபரம் எடுக்கும்போது, "இது எமது வீடல்ல" என்பதற்கும் அதுவே அத்தாட்சி.

6. உங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தால்

திரும்பி வந்து பார்க்கும்போது உங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் அடுப்பு மூட்டியிருக்கலாம். அவர்களும் எங்கோ ஓரிடத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களாக இருக்கலாம். கோபம் இயல்பானதுதான். ஆனால் கதவைப் பூட்டுவது, கூரையைக் கழற்றுவது, பொருட்களை வெளியே எறிவது ஆகியவை உங்கள் உரிமையைப் பலவீனப்படுத்தும். உங்கள் மீதே வழக்கு வரவும் கூடும்.

முதலில் கிராம அலுவலரின் முன்னிலையில் பேசுங்கள். அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, அவர்களின் காணி எந்த நிலையில் உள்ளது, எப்போது போக முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரதேச செயலாளருக்கு எழுதும்போது உங்கள் கோரிக்கையோடு அவர்களுக்கும் மாற்றிடம் தேவை என்பதைக் குறிப்பிட்டால், தீர்வு விரைவாக வருவதற்கு இடமுண்டு. பேச்சில் முடியாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சில மாவட்டங்களில் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன.

இரு தரப்பிலும் யாரையேனும் பலவந்தமாக வெளியேற்றினால், தாமதிக்காமல் பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். அமைதி குலையும் நிலையிலுள்ள காணிப் பிணக்குகளை 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்படி நீதிமன்றம் விசாரிக்கும். வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால்தான் மீண்டும் இருப்பைப் பெறும் இந்த வழி திறந்திருக்கும். இரண்டு மாதம் விரைவாக ஓடிவிடும்.

7. பெற்றோரின் காணியில் பங்கு

காணியற்ற இளம் குடும்பங்கள் பலவற்றுக்கு நடைமுறையில் உள்ள முதல் வழி, பெற்றோரின் வளவில் ஒரு துண்டைப் பெறுவதுதான். இதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் நடைமுறையிலுள்ள பகுதிகளில், புதிதாகப் பிரிக்கும் துண்டு பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது. ஒரு பரப்பு 10 பேர்ச் என்பதால், அது ஏறத்தாழ அரைப் பரப்புக்குச் சற்று அதிகம். பிரித்து உறுதி எழுதியபின் "வீடு கட்ட அனுமதி இல்லை" என்று கேட்பதைவிட, நில அளவையாளரைக் கூப்பிடுமுன் உள்ளூராட்சி மன்றத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்பது நல்லது. துண்டுக்குப் பாதை உண்டா, கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் போதிய இடைவெளி வருமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அனுமதிப்பத்திரக் காணியை உறுதிக் காணிபோல் பிரித்து எழுத முடியாது. பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். பின்னுரித்து நியமிக்கப்படாத காணிகளில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு, 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டிருக்கிறது. பெண்பிள்ளைகள் இதை அறிந்திருக்கவேண்டும்.

காணி காணாமற்போன கணவரின் பெயரில் இருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத மனைவிமாருக்கு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறும் வழி 2016 முதல் உண்டு. அலுவலகங்களில் அதைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

8. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்

பயனாளிப் பட்டியல் கிராம அலுவலரின் அலுவலகத்திலோ பிரதேச செயலகத்திலோ காட்சிப்படுத்தப்படும்போது நேரில் போய்ப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டால், அறிவித்தலில் குறிப்பிட்ட திகதிக்குள் மேன்முறையீட்டை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோவையில் ஏறாது.

காரணம் சொல்லப்படாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். "எமது குடும்பத்துக்கு எத்தனை புள்ளி வழங்கப்பட்டது? எந்தக் காரணத்தால் தெரிவாகவில்லை?" என்று நேராகக் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்கவேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம்.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள், அங்கே பிறந்த பிள்ளைகளின் குடியுரிமைப் பதிவை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். காணி விண்ணப்பத்துக்கு அது தேவைப்படும்.

9. ஒரு வீட்டுக் கோவை வையுங்கள்

பொலித்தீன் உறைக்குள், ஒரே கோவையில், பின்வருவனவற்றின் பிரதிகளைச் சேர்த்து வையுங்கள். மூலப்பிரதிகளை வேறாக வையுங்கள்.

- அடையாள அட்டைகள், பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள்
- உறுதி, அனுமதிப்பத்திரம், அல்லது அவை தொலைந்தமைக்கான பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி
- பழைய ஆதன வரிச் சீட்டு, மின்சாரப் பட்டியல், பழைய முகவரியுள்ள பாடசாலைப் பத்திரங்கள்
- வாடகை ஒப்பந்தமும் பற்றுச்சீட்டுகளும், அல்லது இரவல் வீட்டுக் கடிதம்
- கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுத்த கடிதங்களின் திகதியிட்ட பிரதிகள்
- எந்த நாளில், எந்த அலுவலகத்தில், எந்தப் பதவியில் உள்ளவரைச் சந்தித்தீர்கள், என்ன சொன்னார் என்ற குறிப்பு

உத்தியோகத்தர்கள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள். புதிதாக வருபவருக்கு உங்கள் கதை தெரியாது. அவர் முன்னால் விரிக்கக் கையில் இந்தக் கோவை இருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் கிராம அலுவலர் பிரிவில் வாடகை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் குடும்பங்கள் எத்தனை? அவற்றின் பெயர் காணியற்றோர் பட்டியலில் உண்டா?
2. நான்காம் பகுதியில் சொன்ன தாய், முற்பணம் கொடுப்பதற்கு முன்பு எந்த மூன்று காரியங்களைச் செய்திருக்கலாம்?
3. உங்கள் குடும்பக் கோவையில் இப்போது இல்லாத பத்திரம் எது? அதை எடுக்க அடுத்த வாரம் எந்த அலுவலகத்துக்குப் போகவேண்டும்?
4. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து, இரவல் வீட்டில் இருக்கும் குடும்பங்களின் விபரத்தைப் பிரதேச செயலாளருக்கு ஒரே கடிதமாகக் கொடுக்க முடியுமா? அதை எழுதும் பொறுப்பை யார் ஏற்பது?